பூட்டிய தெருவில் ஜபுதிகாபா

ஜூலை 28
நகரம், கம்பெனி வாடகை வீடு, நான்காம் மாடி

வால்தெசி,

நம் தெருவைப் பூட்டிய சாவி உன் இடுப்பில் தொங்குகிறது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. சாண்டா தெக்லாவில் பிறந்த நாங்கள் அத்தனை பேரும் ஊருக்கு வெளியே இருக்கிறோம். எங்களை உள்ளே விடாமல் நிறுத்தச் சுரங்கக் கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆளும் அதே ஊரில், அதே தெருவில் பிறந்தவன்தான். தெரிந்த முகம் தடுத்தால் யாரும் கல்லெறிய மாட்டார்கள் என்று அலுவலகத்தில் ஒருவன் காலாட்டிக்கொண்டே யோசித்திருக்கிறான். சரியாகத்தான் யோசித்திருக்கிறான்.

சைரன் ஊதிய அந்த விடியற்காலையில் செருப்புகூடப் போடாமல் மேட்டுக்கு ஓடினோம். "ரெண்டே நாள்தாம்மா, திரும்பி வந்துடலாம்" என்று ஹெல்மெட் போட்ட ஒருவன் அம்மாவிடம் சொன்னான். இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஊருக்கு மேலே சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கி நிற்கும் அந்த அணை உடையவும் இல்லை, அதை யாரும் சரி செய்யவும் இல்லை. உடைந்தால் முதலில் சேற்றுக்குள் போகிறவன் நீ. அதற்கும் சேர்த்துத்தான் உனக்குச் சம்பளம் என்று நினைக்கிறேன்.

அம்மா உன் பெயரைச் சொல்வதில்லை. யாராவது கேட்டால் "அந்தக் காவல்காரனா?" என்கிறாள். இங்கே மாடிப்படியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், ஜன்னலில் தொட்டி வைக்கக் கூடாதாம். கொத்தமல்லி வளர்த்ததற்காக ஜெரால்டா அத்தைக்கு எச்சரிக்கை வந்தது.

ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். நம் வாசல் ஜபுதிகாபா மரம் இருக்கிறதா, செத்துவிட்டதா? மே மாதத்திலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. செத்திருந்தால் சுற்றி வளைக்காமல் எழுது. அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூரேமா


ஆகஸ்ட் 4
சாண்டா தெக்லா

அன்புள்ள ஜூரேமா,

உன் கடிதத்தைக் கீழத்தெரு ஒனோஃப்ரே மாமா ரொட்டி வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார். சாலையை மறிக்கும் தடுப்புக் கட்டையடியில் ரொட்டிப் பையை நீட்டிக்கொண்டே, "உன் தங்கச்சி எழுதியிருக்கா. சூடா இருக்கு, பாத்துப் புடி" என்றார். படித்த பிறகு புரிந்தது. பெயர் சொல்லி எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் என் கன்னத்தைக் கீறினபோது கடைசியாக அப்படிக் கூப்பிட்டது.

போனில் பேசலாமே என்று கேட்பாய். வேலைக்கு வந்ததும் எங்கள் போன்களைப் பெட்டியில் வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். வாக்கிடாக்கியில் பேசுவதை அலுவலகமே உட்கார்ந்து கேட்கும். அதனால் மாமாவின் வண்டிதான் நமக்குத் தபால்.

மரம் சாகவில்லை. காவல் கொட்டகைக்கு லாரியில் பெரிய ஜாடிகளில் குடிநீர் வரும். அதில் என் பங்கை மரத்துக்கு ஊற்றினேன். அப்புறம் அடெல்மோவின் பங்கையும் ஊற்றினேன். அவன் என்கூடக் காவலில் இருப்பவன். "ஏன்டா இவ்ளோ தண்ணி குடிக்கிற, சக்கரை வியாதியா?" என்று கேட்டான். ஆமாம் என்றுவிட்டேன். இப்போது எனக்கு இனிப்பே கொடுப்பதில்லை.

வாடாமல் இருந்தால் போதும் என்றுதான் ஊற்ற ஆரம்பித்தேன். வறண்ட காலத்தில் வேரை ஊறவைத்தால் மழை வந்துவிட்டதென்று நம்பி இந்த மரம் பூத்துவிடும், நமக்குத் தெரியாததா? தெரிந்தும் கை நிற்கவில்லை. தினமும் ஊற்றினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் போனால் பட்டையைக் காணோம். வேர் மண்ணைத் தொடும் இடத்திலிருந்து விரல் பருமன் உச்சிக் கிளை வரை மரத்தோடு ஒட்டி வெள்ளைப் பூ. முந்தின நாள் மாலை வழவழவென்று வெறுமையாக இருந்த அடிமரம், ஜூரேமா. பால் பொங்கி மரத்தின் மேலே வழிந்தது மாதிரி. நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் ஆளே இல்லாத தெருவில், கதவெல்லாம் பலகை அடித்த வீடுகளுக்கு நடுவில், நான் ஒருவன் மட்டும் பார்த்ததில்லை. ஊரிலிருந்த தேனீயெல்லாம் அங்கேதான். அந்த இரைச்சலில் கொஞ்ச நேரம் தெருவில் ஆட்கள் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. கோயிலுக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றுவோமே, என்னையறியாமல் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தேன்.

அம்மாவிடம் சொல். நான் சொன்னதாக வேண்டாம், மரம் பூத்திருக்கிறதென்று மட்டும் சொல்.

உன் அண்ணன்
வால்தெசி


ஆகஸ்ட் 10

அண்ணா,

அம்மா பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். தலையை நிமிர்த்தவில்லை. பொறுக்கின கற்களைத் திரும்ப பீன்ஸிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். அதை நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

"எங்கேர்ந்து பூத்திருக்காம்?" என்றாள்.

"வேர்லேர்ந்தாம்மா."

"அப்ப நெறைய புடிக்கும்." இன்னொரு கல்லையும் திரும்பப் போட்டுவிட்டு, "வெயில்ல தண்ணி ஊத்த வேணாம்னு சொல்லு. அதுக்குக்கூட அறிவு கெடையாது அவனுக்கு" என்றாள்.

திட்டிவிட்டாள். திட்டுவதற்காவது நீ திரும்ப இருக்கிறாய்.

மரம் ஏமாந்து பூத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அது நாலு ஜாடித் தண்ணீரையாவது நம்பியது. நாம் "ரெண்டே நாள்" என்ற வாய்ச்சொல்லை நம்பி, அடுப்பில் காபிப் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தோம். அது இன்னும் அடுப்பிலேயே இருக்கிறதா? பதில் வேண்டாம்.

பழம் கறுக்க ஆரம்பித்ததும் எழுது. அதுவரை இதை நானும் அம்மாவும் யாருக்கும் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டடமே எழுந்து வந்துவிடும். எனக்குப் பழத்தை விட வேறொன்று வேண்டும். நீ அந்த வேலையை விட்டு வெளியே வர வேண்டும். பழுத்து முடிந்ததும் வந்துவிடு. அதுவரை உன்னைத் திட்டாமல் இருக்க முயற்சி செய்கிறேன்.

ஜூரேமா


செப்டம்பர் 11
சாண்டா தெக்லா

அன்புள்ள ஜூரேமா,

கறுத்துவிட்டது. அடிமரம் முழுக்கக் கறுப்பு மணிகள். ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு, காம்பே இல்லாமல் மரத்தோடு ஒட்டிக்கொண்டு. கையை வைத்தால் மரம் தட்டுப்படவில்லை. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. சிரிக்காதே.

முதல் பழத்தைப் பல்லில் வைத்து அழுத்தினேன். தோல் வெடித்து அந்த வெள்ளைச் சதை நாக்கில் விழுந்ததும் நான் அழுதேன் என்று எழுதினால் நீ அம்மாவிடம் படித்துக் காட்டுவாய். அதனால் எழுதவில்லை. இனிப்பு அப்படியே இருக்கிறது, கடைசியில் தோலின் துவர்ப்பும் அப்படியே. மேலே அணை இருப்பது அதற்குத் தெரியவில்லை. யாரும் வரப்போவதில்லை என்பதும் தெரியவில்லை. ஒரு தெருவுக்கே போதுமான அளவுக்குப் பழுத்து வைத்திருக்கிறது.

ஒரு தப்பு செய்துவிட்டேன். வயிறு நிறையத் தின்றுவிட்டு வீட்டுக்குள் போனேன். அம்மாவின் சிவப்புச் சமையல் துணி ஆணியிலேயே இருந்தது. எடுத்து உதறி வெளிக்கதவில் கட்டிவிட்டேன். கட்டி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. பழம் கறுத்தால் வாசலில் துணி, துணி தொங்கினால் தெருவே கேட்காமல் உள்ளே வரலாம். பிறந்ததிலிருந்து பார்த்தது, கை தானாகக் கட்டிவிட்டது. உடனே அவிழ்த்திருக்க வேண்டும். அவிழ்க்க மனசு வரவில்லை. துணியை அவிழ்ப்பது என்றால் பழம் தீர்ந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம். அத்தனையும் மரத்திலேயே இருக்கும்போது அதை எப்படிச் செய்வது?

மேட்டுச் சாலையிலிருந்து பார்த்தால் தெரியுமோ என்னவோ. யாராவது கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளி. வர வேண்டாம்.

வால்தெசி


செப்டம்பர் 14

அண்ணா,

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

மேட்டுச் சாலை பஸ்ஸில் ஜெரால்டா அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "நிறுத்துய்யா! நிறுத்து!" என்று கத்தியதில் டிரைவர் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பிரேக் போட்டார். "என்னம்மா ஆச்சு?" "ஜுல்மிரா வீட்டு வாசல்ல துணி தொங்குது!" என்று நம் அம்மா பெயரைச் சொல்லிக் கத்தினாள். "தொங்கட்டும்மா, காயப் போட்டிருப்பாங்க." "யாருய்யா காயப் போடுறது? அங்க மனுஷன் இருக்கானா? பழம்யா, பழம்!" டிரைவர் நகரத்துக்காரர். பழக் காலத்தில் வந்து, மணிக்கு இவ்வளவு என்று நம் மரத்தை வாடகைக்கு எடுத்துத் தின்றுவிட்டுப் போகிற ஜாதி. அவருக்கு என்ன புரியும்.

அன்று சாயங்காலம் நாலு மாடியும் எங்கள் வீட்டில். எல்லாரும் அம்மாவைப் பார்க்கிறார்கள். அம்மா, "துணி போட்டிருந்தா வாங்க. என்னை எதுக்குக் கேக்குறீங்க, எப்பவாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள். அவ்வளவுதான். இரண்டு வருடமாக மூலையில் கிடந்த தட்டுகளையும் வாளிகளையும் கழுவுகிறார்கள். படிக்கட்டெல்லாம் பாத்திரச் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். பழத்தைப் பறித்து அனுப்புகிறேன் என்று எழுதாதே. மறுநாள் புளித்துப்போகும், மரத்தில் சாய்ந்து நின்று தின்றால்தான் பழம், இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ எங்களைக் கூப்பிட்டாய். தெரியாமல் கூப்பிட்டாலும் கூப்பிட்டதுதான். கட்டையைத் தூக்கு.

ஜூரேமா


செப்டம்பர் 21

வால்தெசி,

ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததை உனக்கே எழுதுகிறேன். மறந்துவிட்டேன் என்று பிறகு சொல்லக் கூடாது.

ஜெரால்டா அத்தைதான் முதலில் போனாள். "டேய், தூக்குடா கட்டைய. உன்னைத் தூக்கி வளர்த்த கை வலிக்குது, வாளி கனக்குது."

"முடியாது அத்தை."

"துணி கட்டினது யாரு? பேயா?"

"நான்தான் அத்தை. தெரியாம கட்டிட்டேன்."

"தெரியாம கட்டிட்டானாம்! கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு வாசல்ல நாயக் கட்டுறவன இப்பதான் பாக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரிப்பாய், கட்டை மேலே போகும் என்று நினைத்துத்தான் சிரித்தார்கள். அம்மா முன்னால் வந்தாள். "அது என் துணி. கட்டினது நீ. பரவாயில்லை. வழி விடு."

"நீங்க வரக் கூடாதும்மா."

உன்னைப் பெற்றவளிடம் சொன்னாய். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, அடெல்மோ பக்கத்தில் நிற்க. கட்டை இடுப்பளவுதான். அறுபது பேர் தாண்டியிருந்தால் நீங்கள் இரண்டு பேர் என்ன செய்திருப்பீர்கள்? ஆனால் யாரும் தாண்டவில்லை. உன் முகத்தைப் பார்த்தோம். கோபமாக இருக்கிறவன் முகம் இல்லை அது. கெஞ்சுகிறவன் முகம்.

பிறகு நீ திரும்பி ஓடினாய். ஹெல்மெட் நிறையப் பழத்தோடு மூச்சிரைக்க வந்து கட்டைக்கு மேலே நீட்டினாய். ஆளுக்கு ஒன்று. வாளி கொண்டுவந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று! நான் வாங்கக் கூடாது என்று நின்றேன். அம்மா வாங்கிக்கொண்டாள். பல்லில் வைத்து அழுத்தினாள். அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் அதே சத்தம், மழை தொடங்கும்போது தகரத்தில் விழுமே அப்படி. வளர்ந்த ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். இரண்டு வருடமாக அலுவலகத்தில் நாங்கள் கத்தி எழுப்ப முடியாத ஒன்று, ஒரு பழத்தில் எழுந்து நின்றது. அது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

ஜெரால்டா அத்தைதான் கலைத்தாள். "நல்லவேளை ஒண்ணுதான் குடுத்தான். போன தடவை கொட்டையோட முழுங்கிட்டு மூணு நாள் கக்கூஸ்ல உக்காந்து அத்தனை புனிதர்களையும் கூப்பிட்டேன்."

அம்மா உன்னைப் பார்த்து, "எளைச்சுட்ட" என்றாள். இரண்டு வருடத்தில் காவல்காரனிடம் இல்லாமல் மகனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. நீ தரையைப் பார்த்தாய்.

நானும் தின்றேன். கொட்டையைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். துப்ப முடியவில்லை.

ஏன் திறக்கவில்லை? வேலை போய்விடும் என்று மட்டும் எழுதாதே. அதற்காக நீ அப்படி ஒரு முகத்தோடு நிற்க மாட்டாய்.

ஜூரேமா


செப்டம்பர் 25
சாண்டா தெக்லா

அன்புள்ள ஜூரேமா,

இதை மாமா ரொட்டிகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். படித்ததும் அம்மாவிடமிருந்து மறைத்துவிடு.

அணையின் காலடியில் எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும், தெளிந்த தண்ணீர். இந்த மாதம் அது காவி நிறத்தில் கலங்கி வருகிறது. உள்ளேயிருந்து மண்ணைக் கொண்டுவருகிறது என்றுதானே அர்த்தம்? இஞ்சினியர்களைக் கேட்டேன். "சாதாரணம்தான், நீ உன் வேலையைப் பாரு" என்றார்கள். ஆனால் அவர்கள் வந்ததும் வண்டியைத் திருப்பி, முகப்பு வெளிப்பக்கம் பார்க்க நிறுத்துகிறார்கள். இறங்கினாலும் என்ஜினை அணைப்பதில்லை.

அந்தச் சைரன் இனி ஊதாது. குழலுக்குள் ஒரு குருவி மண்கூடு கட்டிவிட்டது. அடுப்பு மாதிரி உருண்டையாகக் கட்டுமே, அதுதான். சோதனைக்கு அழுத்தினபோது சளி பிடித்தவன் இருமின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சொன்னேன். அடுத்த வாரம் ஆள் வருவான் என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. குருவி குஞ்சு பொரித்துவிட்டது.

நம்மைக் காலி செய்துவிட்டார்கள், சரி. ஆற்றோரக் கீழத்தெரு? வரைபடத்தில் கோடு போட்டவன், ஒனோஃப்ரே மாமாவின் மாட்டுக் கொட்டகையை ஆபத்துக்கு உள்ளேயும் அவர் வீட்டை வெளியேயும் வைத்திருக்கிறான். சேறு கொட்டகையோடு நின்றுவிடுமாம். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் சைரனை நம்பித் தூங்குகிறார்கள். அதனால் வேலை முடிந்ததும் நான் கோயிலில் படுக்கிறேன், மணிக்கயிறு கைக்கு எட்டும் தூரத்தில். சைரன் நான்தான்.

அம்மாவும் நீயும் அறுபது பேரும் மரத்தைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருக்க, நான் மேலே அணையைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது, ஜூரேமா. அங்கே போகும்போது எனக்கே எல்லாம் மறந்துவிடுகிறது. அந்த மரம் அப்படிச் செய்துவிடும்.

வெளியே வா என்று எழுதியிருந்தாய். கீழத்தெரு அங்கே இருக்கும்வரை எப்படி வருவது?

வால்தெசி


அக்டோபர் 19

அண்ணா,

போன இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மறைக்கவில்லை. உன் பெயரை மட்டும் மறைத்துவிட்டு மாடிப்படியில் நின்று படித்தேன். மறுநாள் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். "சைரன் நல்லா வேலை செய்யுது, மேடம்" என்றாள் கவுண்டர் பெண். "குருவிக்கா, எங்களுக்கா?" என்று அத்தை கேட்டாள். பிறகு நெடுஞ்சாலையில் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தட்டினோம். நீ நிரப்பாத அதே வாளிகள். டிவிக்காரன் வந்து கூட்டைப் படம் எடுத்தான். குஞ்சு எட்டிப் பார்த்தது. நாடே பார்த்து, ஐயோ பாவம் என்றது. குஞ்சைத்தான்.

போன வெள்ளிக்கிழமை கீழத்தெருவைக் காலி செய்துவிட்டார்கள். ஒனோஃப்ரே மாமா இப்போது எங்களுக்குக் கீழே மூன்றாம் மாடியில், அடுப்பு இல்லாத ரொட்டிக்காரராக உட்கார்ந்திருக்கிறார். ஜெயித்துவிட்டோம் என்று பேசிக்கொள்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பேரை மாடியேற்றியதுதான் எங்கள் ஜெயம். அணை அப்படியே நிற்கிறது.

ஆனால் மணியடித்து எழுப்ப அங்கே இனி யாரும் இல்லை. அதனால் நீ வருவாய் என்று அம்மா சனிக்கிழமை கூடுதலாக அரிசி போட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் போட்டாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்டேன். "அவர் சாவியை ஒப்படைச்சிட்டுப் போய்ட்டாரே, இப்ப எங்க ஆள் இல்லை" என்றார்கள். எங்கே போனான்? "அது எங்களுக்குத் தெரியாது."

நேற்று மேட்டுச் சாலை பஸ்ஸில் போனேன். வாசலில் அம்மாவின் துணி இல்லை. உன் காவல் சட்டை கட்டியிருந்தது, இரண்டு கையையும் விரித்து. மரம் மறுபடியும் கறுத்திருக்கிறது போல. அங்கிருந்து பார்க்கவே அடிமரம் இருட்டாக இருந்தது. டிரைவர் தானாகவே வண்டியை நிறுத்திவிட்டார், அதே நகரத்துக்காரர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சாவி இப்போது உன் இடுப்பில் இல்லை. நீ பூட்டுக்கு உள்ளே இருக்கிறாய்.

யாருக்காக? மரத்துக்கா? மூன்று நாளாக மழை. அதற்கு இனி உன் தண்ணீர் வேண்டாம். மழை வந்தால் அணைக்கு என்ன ஆகும் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்த கொட்டையைப் பெயிண்ட் டப்பாவில் போட்டு ஜன்னலில் வைத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கிழித்துவிட்டேன். நேற்று முளைத்திருக்கிறது. ஒரே கொட்டையிலிருந்து மூன்று முளை, அண்ணா, நூல் மாதிரி, நுனியில் சிவப்பு. அம்மா டப்பாவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்றையும் விடலாமா, இரண்டைக் கிள்ளிவிட வேண்டுமா என்று அவளுக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. "அவனக் கேளு, அவனுக்குத்தான் தெரியும்" என்கிறாள். உன்னைத்தான் சொல்கிறாள். இது காய்க்கும்போது எனக்கு நாற்பது வயதாகியிருக்கும். காய்த்த அன்று கதவில் துணி கட்ட ஆள் வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கட்டையடியில் நிற்கும் புதுக் காவல்காரனிடம் கொடுக்கப் போகிறேன். வேறு ஊர்க்காரன். உள்ளே யாரும் இல்லை என்பான். என்னவானாலும் கொடுத்துவிட்டு வருவேன்.

கயிற்றை விடு. மரத்தை விடு. சட்டையை அங்கேயே தொங்க விட்டுவிட்டு வெளியே வா.

ஜூரேமா